அம்மா பஸ் திரும்பி வரும்!

காலையில கடலூர்ல சிதம்பரம் பஸ் ஏறுறவங்கள்ல எத்தனையோ பேர், குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போற அம்மாக்கள். எங்க அக்காவும் அதுல ஒருத்தர். சீட்டு கிடைச்சு உட்கார்ந்தாலும், அங்கன்வாடி வாசல்ல மகன் அழுத சத்தம்தான் அவங்க காதுல.

அது பிடிவாதம் இல்லைங்க. இந்தப் பிரிவுப் பயம் 8 மாத வாக்கில் தொடங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 வயது நெருங்கும்போது குறையும். 2 வயசுக்குக் கடிகாரம் தெரியாது. "சாயங்காலம் வந்துடுவேன்"னா அது எப்போ? ஆனா "சாப்பாடு, தூக்கம், அப்புறம் அம்மா" என்ற வரிசை புரியும்.

அந்த வரிசையை அக்கா ஒரு பொம்மையாக்கினாங்க. காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் எடுத்து, மருந்துப் பட்டையும் மறையுற மாதிரி பச்சைக் காகிதம் ஒட்டினா, அதுதான் பஸ். ஓர் அட்டையில ஒரு முனையில வீடு, மறுமுனையில சிதம்பரம் கோபுரம். நடுவுல பஸ்ஸைக் கோத்து நூலை இழுத்துக் கட்டணும். கோபுரம் அவன் கிறுக்கினது. திருத்தாதீங்க, அவன் கை பட்டதாலதான் அது அவனோட பஸ்.

அங்கன்வாடிப் பணியாளர்கிட்ட சொல்லி அட்டையை அங்கேயே வெச்சாங்க. காலையில அவனே பஸ்ஸைச் சிதம்பரத்துக்குத் தள்ளுவான். அம்மா வந்ததும் அவனே வீட்டுக்குத் தள்ளுவான். முதல் ரெண்டு நாள் தூக்கி எறிஞ்சான். அப்புறமும் அழுகை நிக்கலை, கொஞ்சம் கொஞ்சமா சுருங்குச்சு. லேட்டானா அக்கா போன் பண்ணுவாங்க. பணியாளர் பஸ்ஸைப் பாதி தூரம் நகர்த்தி, "அம்மா புதுச்சத்திரம் வந்தாச்சு"ன்னு காட்டுவார்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. குழந்தை விளையாடும்போது சொல்லாம நழுவுறது. அன்னிக்கு அழுகை மிச்சம், மறுநாள் புடவையை விடவே மாட்டான். சொல்லிட்டு, ஒரு முத்தம் கொடுத்துட்டுக் கிளம்புங்க.

3 வயசுக்குள்ள எல்லாமே வாய்க்குத்தான் போகும். அதனால மணி, பொத்தான், புளியங்கொட்டை எதுவும் வேண்டாம். குண்டுமணி விஷம், வீட்டிலேயே வைக்காதீங்க. நூல் சின்னதா இருக்கட்டும், பெரியவங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் விளையாடட்டும்.

வாரக்கணக்கில் அழுகை குறையாம, சாப்பாடும் தூக்கமும் கெட்டா, 104 எண்ணை அழைத்து ஆலோசனை கேளுங்க.

அக்கா வீட்டுல இப்போ ஓடுறது மூணாவது பஸ். இதுக்கு மட்டும் மஞ்சள் காகிதம்தான் வேணுமாம்!