மேலவையின் எல்லையை வரைந்தவர் யார்?

(பெரியநாயக்கன்பாளையத்தில் ஆற்றிய உரை)



'மேல்சபை' என்று செய்தித்தாள்கள் எழுதி வந்ததை அறிவீர்கள். சபை நமக்கு வேண்டா. அவை என்னும் தமிழ்ச்சொல் இருக்கிறது. அது நிற்க. அவ்வவையை ஆக்கவும் அழிக்கவும் உரிமை யார் கையில் இருந்தது என்பதே என் கேள்வி.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் வெள்ளையராட்சி இங்கு ஈரவை முறையைப் புகுத்தியது. 1952இல் மேலவைக்கு 72 உறுப்பினர். 1953இல் ஆந்திரம் பிரிந்ததும் 51. 1957ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் அதனை 63 ஆக்கிற்று. குறைத்தவரும் கூட்டியவரும் தில்லியாரே. தொகுதியெல்லையோ குடியரசுத் தலைவர் ஆணையால் வரையப்படுவது. கோவையையும் நீலமலையையும் ஒரே தொகுதியாக்குவதா, பிரிப்பதா என்பதைக்கூட நம் சட்டமன்றம் முடிவு செய்ய இயலாது!

மேலவைக்காக வழக்காட நான் வரவில்லை. 1952இல் மக்களிடம் ஒப்போலை பெறாமலே இராசாசி ஆளுநரால் மேலவையில் அமர்த்தப்பட்டு முதலமைச்சரானார். அவர்தம் குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்ததும், 1954இல் அவர் விலகியதும் நாடறிந்தவை. அண்ணாவும் 1967இல் மேலவை வழியே வந்தவர்தாம். ஆயின் அவர் கட்சி பெரும்பான்மை பெற்று வந்தது. இராசாசியின் கட்சிக்கு அது வாய்க்கவில்லை. பட்டம் பெற்றோர்க்குத் தனித்தொகுதி, ஆசிரியர்க்குத் தனித்தொகுதி! இவ்வூர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்க்கு மேலவைக்கும் ஒப்போலையிடும் உரிமை இருந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை. இது சரியா?

எனவே 1986 மே 14ஆம் நாள் மேலவை வேண்டா என நம் சட்டமன்றம் முடிவெடுத்ததற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அம்முடிவு மட்டும் போதவில்லை. நாடாளுமன்றம் சட்டமியற்றிய பின்னரே நவம்பர் 1ஆம் நாள் மேலவை மறைந்தது. மொழிவழி மாநிலம் அமைந்து சரியாக முப்பதாண்டு நிறைந்த நாள் அது!

பின்னர் 1989இல் வேண்டும் என்றனர், 1991இல் வேண்டா என்றனர், 1996இல் வேண்டும், 2001இல் வேண்டா. ஆட்சி மாறுந்தோறும் பேச்சும் மாறியது. நம்மவர் குறையை நான் மறைக்கவில்லை. 2010இல் தில்லி சட்டமியற்றி 78 இடங்கள் ஒதுக்கிற்று. தொகுதியெல்லைகளும் வரையப்பட்டன. 2011இல் ஆட்சி மாறவே, தேர்தல் நடவாமலே அவ்வெல்லைகள் தாளோடு நின்றன.

இத்தனைக்கும் கரணியம் அரசமைப்பின் 169ஆம் பிரிவு. நம் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பினாலும், நாடாளுமன்றம் சட்டம் 'இயற்றலாம்' என்றுதான் அங்கு எழுதியுள்ளனர். 'இயற்றல் வேண்டும்' என்று எழுதவில்லை.