கடப்பிதழுக்கு முன்னால் பிறப்புப் பத்திரம்

(வட சிலாங்கூர்த் தோட்டப்புற மக்களின் பயண ஆவணங்கள் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் புறப்படுவது வழக்கம். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் வடக்கே ஓடி, பொழுது விடியும் நேரத்தில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் போய் நிற்கும். அங்கிருந்து ஹாட்யாய் வெகு தூரமில்லை. சிலர் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். சிலர் மேடான் மாரியம்மனைக் கும்பிட்டு வரப் போகிறார்கள். "வீசா எடுக்க வேண்டியதில்லை, பக்கத்து நாடுதானே" என்பது எல்லார் வாயிலும் வரும் பேச்சு.

பேச்சு பொய்யில்லை. ஆசியான் நாட்டுக் குடிமக்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் வீசா இன்றி 14 நாள் வரை சென்று வர வழிசெய்யும் உடன்படிக்கை 2006 ஜூலை 25ஆம் நாள் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. பல நாடுகள் மலேசியர்களுக்கு அதைவிடக் கூடுதல் நாள்களும் தருகின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகை ஆளைப் பார்த்துத் தரப்படுவதல்ல, கடப்பிதழைப் பார்த்துத் தரப்படுவது. கடப்பிதழ் குடிமகனுக்கு மட்டுமே கிடைக்கும். குடிமகன் என்பதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும்.

ஆகவே, பேருந்துக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வீட்டில் தங்கிவிடுபவர் யார்? "பாட்டிக்குக் கால் வலி, அவர் வரமாட்டார்" என்பார்கள். சில வீடுகளில் அது கால் வலி அல்ல. பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. சில வீடுகளில் பேரனிடம் அதுவும் இல்லை.

துண்டுச் சீட்டில் வந்தவர்கள்

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. எதிரே மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்ரா. அந்த விளக்கு எரியத் தொடங்கிய காலத்தில்தான் இந்த வட்டாரத்தில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, தொற்றுத்தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத் தோட்டம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் கடப்பிதழ் இருக்கவில்லை. கங்காணியின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் அவர்களுக்கு அடையாளம். 1938 ஜூனில் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை இப்படித்தான் நடந்தது.

பிறகு போர் வந்தது. 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துச் சென்றார்கள். சிலாங்கூர்த் தோட்டங்களும் அதற்குத் தப்பவில்லை. தோட்டப்புறத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் தாய்லாந்து எல்லையைத் தாண்டியது அப்போதுதான். வீசா கேட்டவர் இல்லை, கடப்பிதழ் பார்த்தவர் இல்லை. வாந்திபேதியும் மலேரியாவும் தின்றது போக மிஞ்சியவர்களே திரும்பினார்கள். குடும்பத் தலைவன் திரும்பாத வீடுகளில் பிள்ளைகளின் பிறப்பை எழுதிவைக்கவும் ஆளில்லாமல் போனது.

இன்று காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகும் தமிழர்கள் அந்த ரயில் பாதையைப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். பாட்டனை ஒரு தாளும் இல்லாமல் இழுத்துப்போன அதே எல்லையில், அவருடைய பேத்தி ஒரு தாள் இல்லாததால் நிறுத்தப்படுகிறாள் என்றால் அதைவிடக் கொடுமை எது?

தாள் தொலைந்தது எப்படி?

'நம்மவர் அலட்சியம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோர் உண்டு. அது பாதி உண்மைதான். காரணங்கள் மூன்று.

முதலாவது, காலம். 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. 1957இல் சுதந்திரத்தோடு குடியுரிமை விதிகள் வந்தன. அன்றைக்கே விண்ணப்பித்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். "எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்" என்று இருந்தவர்களும், பாரம் நிரப்பத் தெரியாதவர்களும், கிராணியைக் கேட்கக் கூச்சப்பட்டவர்களும் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1969க்குப் பின் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். போகாமல் இங்கேயே இருந்தவர்களின் சிக்கல் தீரவில்லை.

இரண்டாவது, தோட்டம் சிதைந்தது. லயத்தில் பிறந்த குழந்தைக்குச் சாட்சி மருத்துவச்சியும் தோட்ட அலுவலகப் பதிவேடும்தான். தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பெஸ்தாரி ஜெயாவை அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்கள். அதைச் சுற்றியுள்ள மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களில் வாழ்ந்த மக்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டம் போனால் வீடு மட்டும் போவதில்லை. முகவரி போகிறது, பழைய சாட்சிகள் சிதறுகிறார்கள், பதிவேடு எங்கே என்றே தெரியாமல் போகிறது.

மூன்றாவதுதான் இன்றைக்கும் நடப்பது. கோயிலில் தாலி கட்டினால் திருமணம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1976ஆம் ஆண்டு திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயைத்தான் பார்ப்பார்கள், தகப்பனைப் பார்ப்பதில்லை. தகப்பன் நீல அட்டைக்காரராக இருக்கலாம். தாய் வெளிநாட்டவரானால், பிள்ளை மலேசிய மண்ணில் பிறந்தும் குடிமகன் ஆகாது. ஐந்நூறு பேருக்கு விருந்து வைத்த கல்யாணத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதற்கு, பிள்ளை ஆயுள் முழுக்க அலைகிறது.

சிவப்பு அட்டைக்காரர் பயணமே போக முடியாதா?

போகலாம், ஆனால் எளிதல்ல. சிவப்பு அட்டை என்பது நிரந்தரவாசி என்பதற்கான சான்று. அதைக் காட்டி எல்லை தாண்ட முடியாது. எந்த நாட்டின் கடப்பிதழும் பெற முடியாத நிரந்தரவாசிகளுக்குக் குடிநுழைவுத் துறை அடையாளச் சான்றிதழ் என்னும் பயண ஆவணத்தை வழங்குகிறது. ஆனால் அது தேசியக் கடப்பிதழ் அல்ல. ஆசியான் வீசாச் சலுகையை அதைக் காட்டிக் கேட்க முடியாது. போக வேண்டிய நாட்டின் தூதரகத்தில் முன்கூட்டியே வீசா கேட்க வேண்டும். ஒரே பேருந்தில் மகனுக்கு ஒரு நிமிடத்தில் முத்திரை விழும், தாய் பல வாரம் முன்பே தூதரகப் படி ஏற வேண்டும்.

கெடா, பெர்லிஸ் போன்ற எல்லையோர மாநில மக்கள் வைத்திருக்கும் எல்லை பாஸை நம்பியும் சிலர் ஏமாறுகிறார்கள். அது எல்லையில் குடியிருப்போருக்கு, எல்லையை ஒட்டிய பகுதிக்கு மட்டும் உரியது. சிலாங்கூர்க்காரருக்கு அது உதவாது.

செய்ய வேண்டியது என்ன?

சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்த சிவப்பு அட்டைக்காரர் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பிறந்து இங்கே வாழ்ந்தவருக்கு 19ஆம் பிரிவு உண்டு. 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என 2018 ஆகஸ்டில் பிரதமர் மகாதீர் அறிவித்தார். அதற்கு முன் 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்தது. ஆனால் இயக்கம் வரும், போகும். பதிவிலாகாவின் கதவு எல்லா வேலை நாளும் திறந்திருக்கிறது. அடுத்த இயக்கம் வரட்டும் என்று காத்திருப்பது சரியல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு செய்யலாம், ஆனால் ஆண்டு ஏற ஏற சாட்சி குறையும். 2024 திருத்தத்துக்கு முந்திய 15ஏ பிரிவின்படி 21 வயதுக்குட்பட்டவரை அரசாங்கம் சிறப்புச் சூழலில் குடிமகனாகப் பதியலாம். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம் அந்த வயதை 18 ஆகக் குறைக்கிறது. நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையையும் அது எடுத்துவிடுகிறது. எந்த விதி எந்த நாள் முதல் தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைப் பெற்றோர் பதிவிலாகாவில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்துக்குப் போகுமுன் வீட்டைத் தேடுங்கள். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கிளினிக் அட்டை, பழைய சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிப் புத்தகம், உடன்பிறந்தோரின் பிறப்புப் பத்திரம், தோட்டத்தில் கூட வேலை செய்த பெரியவரின் சத்தியப் பிரமாணம், இவை எல்லாம் துணைச் சான்றுகள். அந்தப் பெரியவர் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

கடப்பிதழ் உள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள்

கடப்பிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. காலாவதியாக ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 வெள்ளி, 60 வயதைக் கடந்தவருக்கு 100 வெள்ளி. இந்தச் செலவைத் தள்ளிப்போட்டுப் பேருந்துக் கட்டணத்தை இழந்தவர்கள் உண்டு. வருமான வரி பாக்கி உள்ளவரும் திவாலானவரும் பயணத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறை இணையத்தளத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்லாந்து 2025 மே முதல் நாள் தொடங்கி மின்னியல் வருகை அட்டை கேட்கிறது. தரைவழி போகிறவர்களும் போய்ச்சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அதுபோல் வருகை அட்டை உண்டு. இரண்டும் இலவசம். காசு கேட்கும் இணையப் பக்கம் போலி. தங்கும் நாள் கணக்கு மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் புறப்படும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தென் தாய்லாந்தில் கடப்பிதழ் தொலைந்தால் சொங்க்லாவில் மலேசியத் துணைத்தூதரகம் இருக்கிறது.

கடைசியாக இளைஞர்களுக்கு. வீசா இல்லாமல் நுழைவது சுற்றிப்பார்க்க, வேலை செய்வதற்கல்ல. 2022 முதல் மலேசிய இளைஞர்கள் பலர் 'தாய்லாந்தில் வேலை, மாதம் பல ஆயிரம் வெள்ளி' என்ற விளம்பரத்தை நம்பிப் போனார்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்தார்கள். மே சோட் வழியாக ஆற்றைத் தாண்டி மியன்மாருக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். கம்போடியாவிலும் இதுவே நடந்தது. மோசடிக் கும்பலிடம் அடிமையாகி, அரசாங்கம் தலையிட்ட பிறகே மீட்கப்பட்டார்கள். அன்று கங்காணி, இன்று கைப்பேசி. வேலை பெர்மிட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவன் முகவர் அல்ல.

நேயர்களே, எல்லை புக்கிட் காயு ஹீத்தாமில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வீட்டு அலமாரியில் இருக்கும் தகரப் பெட்டியிலிருந்தே அது தொடங்குகிறது. இந்த வாரம் அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா, பெயரும் எண்ணும் சரியா, திருமணப் பதிவு உண்டா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திங்கட்கிழமை காலை பதிவிலாகா திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முடியாவிட்டாலும், அதற்கு அடுத்த விடுமுறைக்காவது பேருந்தில் அவருக்கும் ஓர் இடம் பதியட்டும்.