அலம்புகிற நீர்

மஞ்சள் அரைத்த அம்மியை உடனே நீர்விட்டு அலம்பினால் கறை போய்விடும். சற்று அயர்ந்திருந்து, காய்ந்தபின் தேய்க்கப் புகுந்தால், கை வலிக்குமேயன்றிக் கறை விடுவதில்லை.

புற்றுநோய்க்குத் தரும் மருந்துகளுள் சிஸ்பிளாட்டின் என்பது ஒன்று. 1965-இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க், மின்சாரம் பாய்ச்சிய திரவத்தில் கிருமிகள் இரண்டாகப் பிரியாமல் நீண்டுகொண்டே போவதைக் கண்டு ஆச்சரியமுற்று, காரணத்தைத் தேடியபோது, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே அதற்கு மூலம் என்று புலப்பட்டது. மின்சாரத்தை ஆராயப் போனவருக்கு இந்தப் பிளாட்டின மருந்து கிடைத்தது!

அந்த அருமருந்து உடலைவிட்டு வெளியேறும் மார்க்கம் சிறுநீரகம். அங்கே அது தேங்கினால் நுண்ணிய குழல்கள் புண்படும். ஆகவேதான் மருந்துக்கு முன்னும் பின்னும் இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றுகிறார்கள். அதனுடன் மெக்னீசியமும் சேர்ப்பதுண்டு. “மருந்து கொஞ்சம், தண்ணீர் இத்தனை பாட்டிலா?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அது அம்மியை அலம்புகிற நீர்.

வீடு திரும்பிய பிறகும் நீர் வேண்டும். எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். இருதய நோயுள்ளவருக்கு அளவு வேறு. வாந்தியினால் நீர் தங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். உடம்பு வலிக்கிறதென்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவது, ஏற்கனவே களைத்த சிறுநீரகத்தின்மீது மேலும் பாரம் ஏற்றுவதாகும். வலி மாத்திரை வாங்குமுன் உங்கள் வைத்தியரை ஒரு வார்த்தை கேளுங்கள்.