தனிநிலைக் கணிதமும் பகுதி நேர விரிவுரையாளரும்

(களமசேரியில் நடைபெற்ற சபைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கல்வி பெரிய சமுத்திரம். அதிலிருந்து ஒரு உத்தரணி ஜலம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்குத் தனிநிலைக் கணிதம், அதாவது டிஸ்கிரீட் மேதமேடிக்ஸ், கற்பிக்க ஒரு பகுதி நேர விரிவுரையாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்றைய விஷயம்.

இது யுனிவர்சிட்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டிய காரியம் என்று சிலருக்குத் தோன்றலாம். 1971-ல் கொச்சிப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1986 முதல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற 'குஸாட்' இதே களமசேரியில்தான் இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கும் இங்கே உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய இடங்களில் படிக்கிறார்கள். எம்.எஸ்ஸி. முடித்த நம் பெண்களும் மாட்டுப்பெண்களும் 'கெஸ்ட் லெக்சரர்' இண்டர்வியூக்குப் போகிறார்கள். ஆகவே மேஜையின் இரண்டு பக்கத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

தனிநிலைக் கணிதம் என்றால் என்ன? கல்லூரியில் நாம் படித்த கால்குலஸ், நதி மாதிரி இடைவிடாமல் மாறும் அளவுகளைப் பற்றியது. தனிநிலைக் கணிதம், படிக்கட்டு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாக நிற்பவற்றைப் பற்றியது. தர்க்கம், கணங்கள், உறவுகள், எண்ணிப் பார்க்கும் முறைகள், வரைபடங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

நம் சபையில் சங்கீதம் தெரியாதவர்கள் குறைவு என்பதால் அதிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். மேளகர்த்தா ராகங்கள் 72 என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் 72? ஷட்ஜத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் நான்கு ஸ்தானங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, கீழே இருப்பதை ரிஷபம், மேலே இருப்பதை காந்தாரம் என்கிறோம். நான்கில் இரண்டை ஆறு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். பஞ்சமத்துக்கு மேலே தைவத நிஷாதங்களுக்கும் அதேபோல் ஆறு. மத்யமம் இரண்டு. ஆறு, ஆறு, இரண்டு பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் இந்தக் கணக்கைச் செய்துவிட்டார். 72 என்று மனப்பாடமாகச் சொல்பவர் ஒருவர். ஏன் 72 என்று விளக்கத் தெரிந்தவர் இன்னொருவர். வகுப்புக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

கம்ப்யூட்டருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். தர்க்கத்தை அல்ஜீப்ராவாக எழுதலாம் என்று ஜார்ஜ் பூல் 1854-ல் புத்தகம் போட்டார். அதே அல்ஜீப்ராவால் ஸ்விட்ச் சர்க்யூட்டுகளை வடிவமைக்கலாம் என்று 1937-ல் கிளாட் ஷானன் காட்டினார். இன்றைய கம்ப்யூட்டர் சிப்புகளுக்கு அதுதான் அஸ்திவாரம். 1970-ல் எட்கர் காட் கணிதத்தின் 'உறவு' என்ற கருத்தை எடுத்து டேட்டாபேஸுக்கு இலக்கணம் வகுத்தார். நம்முடைய பென்ஷன் கணக்குகளைப் பாதுகாக்கும் ரகசியக் குறியீடுகளில் பல, மீதி எண்களைக் கொண்ட கணக்கை நம்பி இருக்கின்றன. 1968-லேயே அமெரிக்காவின் ஏ.சி.எம். அமைப்பு தன் கம்ப்யூட்டர் பாடத்திட்டத்தில் இதை ஒரு தனிப் பாடமாகச் சேர்த்துவிட்டது. நம் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இது மூன்றாம் செமஸ்டர் பாடம். வாரத்தில் மூன்று மணி விரிவுரை, ஒரு மணி டுடோரியல்.

இனி நியமனத்துக்கு வருகிறேன். கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஒருவர் ஓய்வு பெறும் தேதி, அவர் வேலையில் சேர்ந்த அன்றே தெரியும். ஆனாலும் பல நிறுவனங்களில் வகுப்பு தொடங்கிய பிறகுதான் இடம் காலி என்பது கண்ணில் படுகிறது. உடனே ஒரு விளம்பரம், ஒரு நாள் 'வாக் இன்' இண்டர்வியூ, ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம். சர்டிபிகேட் சரிபார்ப்பதிலேயே எட்டு நிமிஷம் போய்விடும்.

இந்தப் பாடத்துக்கு வேறொரு சிரமமும் உண்டு. இது இரண்டு துறைகளுக்கு நடுவே நிற்கிறது. கணிதத்துக்கான நெட் பரீட்சை சி.எஸ்.ஐ.ஆர். வகை, கம்ப்யூட்டருக்கான நெட் யு.ஜி.சி. வகை. முதல் வழியில் வருபவருக்கு நிரூபணம் கைவந்திருக்கும், ஆனால் ஒரு புரோகிராம்கூட எழுதியிருக்கமாட்டார். இரண்டாவது வழியில் வருபவர் புரோகிராம் எழுதுவார், ஆனால் நிரூபணம் வரும் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார். இரண்டு பட்டமும் செல்லும். எந்தப் பட்டத்தைப் பார்த்தும், அந்த மனிதருக்கு இந்தப் பாடம் நடத்த வருமா என்று சொல்ல முடியாது.

அடுத்தது பணம். 2019-ல் யு.ஜி.சி. கெஸ்ட் ஆசிரியருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. மாநில அரசுகளும் நிறுவனங்களும் தனி விகிதம் வைப்பதுண்டு. வாதத்துக்காக யு.ஜி.சி. விகிதத்தையே வைத்துக்கொள்வோம். வாரம் நான்கு மணி, மாதம் 16 வகுப்பு, 24,000 ரூபாய். லீவு மாதங்களில் ஒன்றும் கிடையாது. முழு நேர உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 57,700 ரூபாய்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று மறைந்திருக்கிறது. தனிநிலைக் கணிதம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாடமே இல்லை. மாணவன் தானே நிரூபணம் எழுதி, எந்த வரியில் சறுக்கினான் என்று ஒருவர் சிவப்பு மையால் காட்டினால்தான் மண்டையில் ஏறும். 60 மாணவர்கள், வாரம் ஒரு நோட்டு, ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிஷம். மொத்தம் ஐந்து மணி. வகுப்பெடுப்பது நான்கு மணி, திருத்துவது ஐந்து மணி. அந்த ஐந்து மணிக்கு ஒரு பைசாவும் கிடையாது. ஆகவே நோட்டுத் திருத்தம் நின்றுபோகிறது. 'முக்கியமான கேள்விகள்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு வகுப்பில் சுற்றுகிறது. பையன் பாஸ் செய்கிறான், பாடம் வருவதில்லை. இது அந்த ஆசிரியரின் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அந்த வேலைதான் நடக்கும்.

என் யோசனைகள் மூன்று.

முதலாவது, தேர்வுக் குழுவில் ஒரு கணிதக்காரரும் ஒரு கம்ப்யூட்டர்காரரும் அவசியம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சர்டிபிகேட்டுகளை முன்கூட்டியே பார்த்துவிட்டு, இண்டர்வியூ நேரத்தை வேறு விதமாகச் செலவிட வேண்டும். தவறான நிரூபணம் ஒன்றைக் கொடுத்து, "இதை எழுதிய மாணவனுக்கு விளக்குங்கள்" என்று சொல்லவேண்டும். கணித உலகில் பிரசித்தமான ஒரு வேடிக்கை உண்டு: 'எல்லாக் குதிரைகளும் ஒரே நிறம்' என்று கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிரூபிப்பது. ஒரு குதிரை மட்டும் இருந்தால் நிறமும் ஒன்றுதான். எந்த நூறு குதிரைகளும் ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டால், நூற்றொன்றில் முதல் நூறும் ஒரே நிறம், கடைசி நூறும் ஒரே நிறம். நடுவில் இருப்பவை இரண்டு கூட்டத்துக்கும் பொது, ஆகவே எல்லாமே ஒரே நிறம்! எங்கே கோளாறு? இரண்டு குதிரைகள் மட்டும் இருக்கும்போது நடுவில் குதிரையே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் படியே உடைந்திருக்கிறது. புரோகிராம்களும் பெரும்பாலும் இப்படித்தான் எல்லை ஓரத்தில் உடைகின்றன. நூறு பெயர் கொண்ட பட்டியலில் சரியாக ஓடும், காலிப் பட்டியலில் நின்றுவிடும். இந்தத் தொடர்பைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரிந்தவரை, நெட் மார்க் கொஞ்சம் குறைந்தாலும் தயங்காமல் எடுக்கலாம்.

மூன்றாவது, நோட்டுத் திருத்தும் மணிகளையும் நியமன உத்தரவில் எழுதி, அதற்கும் ஊதியம் கொடுக்க வேண்டும். பணம் முடியாத இடத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் மாணவர்களைத் திருத்தும் வேலைக்கு உதவியாகச் சேர்க்கலாம். அவர்களுக்கும் அது பயிற்சி.

ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதி சொன்னது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரம்பு இல்லை. தற்காலிகம் என்பது தற்காலிகமாகப் போகிற விஷயமாகத் தெரியவில்லை. ஆகவே அதை ஒழுங்காகச் செய்யவாவது கற்றுக்கொள்வோம்.

நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. இண்டர்வியூக்குப் போகும் நம் பெண்கள், எத்தனை மாணவர்கள், டுடோரியல் யார் பொறுப்பு, திருத்தும் மணிக்குக் கணக்கு உண்டா என்று உத்தரவு வாங்குமுன் கூச்சப்படாமல் கேட்கட்டும். கல்லூரி பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், 'பாஸ் சதவீதம் என்ன' என்று கேட்பதோடு, 'நோட்டுத் திருத்துகிறார்களா' என்றும் கேளுங்கள். நம் சபையில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் இதே ஹாலில் உட்கார்ந்தால், பத்துப் பிள்ளைகளின் நோட்டுக்காவது சிவப்பு மை கிடைக்கும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை மலையாளத்தில் எழுதினார். கணித முடிவுகளை மட்டும் சொல்லாமல், அவற்றின் யுக்தியை, அதாவது காரணத்தை, ஊர் பாஷையில் விளக்கிய புத்தகம் அது. அதன் கணிதப் பகுதியை 1948-ல் விளக்கவுரையோடு திருச்சூரில் பதிப்பித்தவர்கள் கொச்சி ராஜ குடும்பத்து ராமவர்ம மரு தம்புரானும், நம்மவரான அகிலேசுவர ஐயரும். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதைச் சொல்லித்தரக் கூடியவர்களைத் தேடி எடுத்து, செய்கிற வேலைக்குத் தகுந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.