ஓசையற்ற அடுப்பும் ஏற்ற எரிபொருளும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். வெளியிடங்களில் தங்குவோர் கொண்டு செல்லும் பம்பு ஸ்டவ்வின் இரைச்சலை எவ்வாறு தணிப்பது, இத்தகைய சிறு அடுப்புகளுக்கு எந்த எரிபொருள் ஏற்றது என்பவையே அப்பொருள். வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது, பம்பு ஸ்டவ் பரண் மேல் ஏறிவிட்டது, இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் வீட்டை விட்டுப் பல நாட்கள் வெளியே சமைத்து உண்ணும் மக்கள் நம்மிடையே இன்றும் உண்டு. இராமநாதபுரம் சீமையிலிருந்து காவிரிப் பாசன வயல்களுக்கு ஆடுகளை ஓட்டி வந்து கிடை போடும் கீதாரிகள், கரும்பு வெட்டுக்கு ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் அன்பர்கள் ஆகியோரை நாம் அறிவோம். பரணிலிருந்து ஸ்டவ் கீழே இறங்குவது இவர்களுக்காகத்தான்.

இரைச்சல் வெறும் தொல்லை மட்டுமன்று. இரவில் கிடை காப்பவனுக்குக் காதுதான் காவல். நாய் குரைப்பதும், ஆடுகள் மிரண்டு ஓடுவதும், துணைக்கு வந்தவன் கூப்பிடுவதும் ஸ்டவ்வின் ஓசையில் அமிழ்ந்துபோகும். பக்கத்தில் உறங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அது இடையூறு. ஆனால் ஓசையை அடக்குவதாக எண்ணிச் செய்யும் தவறான வேலை, உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவே காரணத்தை முதலில் அறிவோம்.

1892-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரான்ஸ் வில்கெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் புகையில்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ்வை உருவாக்கினார். பிரைமஸ் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது. 1911-இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழுவினரும், 1953-இல் எவரெஸ்டு சிகரம் ஏறிய டென்சிங்கும் ஹிலாரியும் பனியை உருக்கி நீராக்கியது இவ்வகை ஸ்டவ்வில்தான். நம் ஊர்ப் பம்பு ஸ்டவ்வும் அதே இனத்தைச் சேர்ந்தது.

இதில் மண்ணெண்ணெய் திரவமாக எரிவதில்லை. பம்பு அடித்த காற்று எண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடேறிய பர்னர்க் குழாயில் அது ஆவியாகிறது. அந்த ஆவி, நிப்பிளின் ஊசித்துளை வழியே மிகுந்த வேகத்துடன் பீறிட்டு, மேலேயுள்ள தட்டில் மோதிச் சிதறிக் காற்றோடு கலந்து எரிகிறது. இந்த மோதலும் கொந்தளிப்புமே இரைச்சலாகக் கேட்கின்றன. ஆகவே இரைச்சல் பழுதின் அறிகுறியன்று. அவ்வகைப் பர்னரின் இயல்பு.

ஓசையற்ற பர்னர் என்று மற்றொரு வகை உண்டு. அதில் தட்டுக்குப் பதிலாக, நிறையச் சிறு துளைகள் கொண்ட மூடிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும். ஆவியும் காற்றும் மூடிக்குள்ளேயே அமைதியாகக் கலந்து, துளைதோறும் சிறு நீலச் சுடராக எரியும். பெரிய ஓசை ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய சீறல் மட்டுமே கேட்கும். மலையேறுவோர் கொண்டு செல்லும் பெட்ரோல் ஸ்டவ்வுகளுக்கும் இதே முறையில் துளையிட்ட மூடிகள் செய்யப்படுகின்றன.

இனி, இரைச்சலைத் தணிக்கும் வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, ஓசையற்ற பர்னரை மாற்றிப் பொருத்துவது. அது நம் ஸ்டவ்வின் மறைக்குப் பொருந்த வேண்டும். அதற்குரிய நிப்பிளும் புதிய வாசரும் இருத்தல் வேண்டும். பழுது பார்ப்பவரைக் கொண்டு மாற்றி, ஆவி கசியவில்லை என்று கண்ட பின்னரே பயன்படுத்துக.

இரண்டாவது, சுடரை அளவோடு வைத்தல். கொதி வந்த பின் அதே வேகத்தில் எரிக்க வேண்டியதில்லை. காற்றுத் திருகைச் சற்றே தளர்த்திச் சிறிது காற்றை வெளியேற்றினால் சுடரும் ஓசையும் அடங்கும், எண்ணெயும் மிஞ்சும்.

மூன்றாவது, நிப்பிளைக் காப்பது. அளவுக்கு மீறிய ஊசியால் குத்தித் துளை அகன்றுவிட்டால், சுடர் மஞ்சளாகும், புகையும், ஓசையும் மிகும். அத்தகைய நிப்பிளை மாற்றுவதே சிக்கனம். மூடிகளின் துளைகளில் படியும் கரியைத் துடைக்கலாம். துளைகளைப் பெரிதாக்குதல் கூடாது.

நான்காவது, ஸ்டவ்வைச் சமதரையில் வைத்தல். ஆடும் கால்களும், சரியாக அமராத பாத்திரமும், தாளம் போடும் மூடியும் ஓசையில் பெரும் பங்கு கொள்கின்றன. காற்று வீசும் பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் சுடரின் படபடப்பு நிற்கும்.

செய்யக் கூடாதவை எவை? தகர டப்பாவைத் துளையிட்டுப் பர்னர் மேல் கவிழ்த்தல் கூடாது. ஸ்டவ்வைச் சுற்றி நாற்புறமும் செங்கல் அடுக்கி மூடுதலும் கூடாது. இவற்றால் வெப்பம் கீழ்நோக்கித் திரும்பித் தொட்டியைச் சூடாக்கும்; தொட்டியினுள் அழுத்தம் ஏறும்; விபத்துக்கு வேறு காரணம் வேண்டா.

ஓசையற்ற பர்னருக்கும் ஒரு குறை உண்டு. இரைச்சல் போடும் ஸ்டவ் அணைந்தால் காது உடனே சொல்லிவிடும். ஓசையற்றது காற்றில் அணைந்தால் நமக்குத் தெரியாது, ஆவி வந்துகொண்டேயிருக்கும். ஆதலால் கண் எப்போதும் அதன் மேல் இருக்க வேண்டும். அணைந்தது தெரிந்தால் உடனே தீக்குச்சி கிழிக்காதீர்கள். காற்றுத் திருகைத் திறந்து, ஆவி கலைந்த பின்பு மீண்டும் முறைப்படி பற்றவையுங்கள்.

அடுத்து எரிபொருளைக் காண்போம். பம்பு ஸ்டவ்வுக்கு ஏற்றது தூய மண்ணெண்ணெய் ஒன்றே. நீரும் தூசியும் இன்றி வடிகட்டி, தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேற்படாமல் ஊற்றுதல் வேண்டும். டீசல் எளிதில் ஆவியாகாது. புகைந்து குழாயை அடைக்கும். பெட்ரோலோ, உயிர்க்கொல்லி. மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் ஆபத்தே. நம் நாட்டு மண்ணெண்ணெய் குறைந்தது 35 பாகை வெப்பத்துக்குக் கீழ் தீப்பற்றும் ஆவியைத் தரக் கூடாது என்பது நியதி. பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் அத்தகைய ஆவியைத் தரும். இதிலிருந்து மற்றொன்றும் விளங்குகிறது: சித்திரை வெயில் 40 பாகையைத் தொடும்போது மண்ணெண்ணெயும் சாதுவன்று. எண்ணெய் டின்னை நிழலில் வையுங்கள். சந்தேகமான எண்ணெயில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் விரைவில் உலர்ந்து மறையும்; மண்ணெண்ணெய்க் கறை நெடுநேரம் நிற்கும். ஆனால் சிறிதளவு கலப்படத்தை இச்சோதனை காட்டிக் கொடுக்காது. ஆகவே நம்பத்தக்க இடத்தில் வாங்குவதே மேல். நெருப்புக் காட்டிச் சோதித்தல் ஒருபோதும் வேண்டா.

ஸ்பிரிட் அடுப்பு ஏறத்தாழ ஓசையே இல்லாதது. பம்பும் நிப்பிளும் அதற்குத் தேவையில்லை. ஆனால் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் சுமார் 8,200 கலோரி வெப்பம் தருமெனில், ஒரு லிட்டர் ஸ்பிரிட் தருவது சுமார் 5,000 கலோரியே. இங்கே கலோரி என்பது ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்தும் அளவு. ஒருவர் இருவருக்குத் தேநீர் வைக்க ஸ்பிரிட் போதும். பத்துப் பேருக்குச் சோறு வடிக்க உதவாது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எரியும்போதோ, அணைந்த உடனேயோ மேலும் ஊற்றினால் சுடர் கைக்கும் புட்டிக்கும் தாவும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் குடித்தால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. அதைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஐந்து கிலோ எரிவாயு சிலிண்டர் ஓசை குறைந்தது, சுடர் தூயது. அதிலுள்ள வாயு சுமார் 55,000 கலோரி தரும். அதாவது ஆறே முக்கால் லிட்டர் மண்ணெண்ணெய்க்குச் சமம். ஆனால் காலிச் சிலிண்டரின் எடையையும் சேர்த்தே சுமக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் பள்ளத்திலும் கூடாரத்தின் அடியிலும் தேங்கும். கொடைக்கானல், உதகை போன்ற இடங்களில் உறைபனி இரவுகளில் அதன் அழுத்தம் தளர்ந்து சுடர் சுருங்கும். அப்போது சிலிண்டரைச் சுட வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

சுருங்கச் சொல்லின், பல நாட்கள் ஓரிடத்தில் தங்கும் குழுவுக்குச் சிறு சிலிண்டர். நெடுந்தொலைவு நடந்து செல்லும் குழுவுக்கு ஓசையற்ற பர்னர் கொண்ட மண்ணெண்ணெய் ஸ்டவ். தனியாகச் செல்பவருக்கு ஸ்பிரிட் அடுப்பு என்று கொள்ளலாம். எதுவாயினும் சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றலாகாது. மூடிய குடிசையிலும் கூடாரத்திலும் எரிக்கலாகாது. அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். ஓசை அடங்கியதால் நச்சுப் புகையும் அடங்கியதாக எண்ணற்க.

இரயிலில் இவற்றைக் கொண்டு செல்வது குற்றம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அதிகாலையில், மதுரை இரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில் தீப்பற்றி, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த 9 பயணிகள் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரே காரணம் என்று இரயில்வே துறை அறிவித்தது. புனிதப் பயணம் வந்தவர்கள் அவர்கள். எங்கே எந்த அடுப்பு ஆகாது என்பதை ஒருவர் தடுத்துச் சொல்லியிருந்தால், அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

அந்த ஒருவராக இருப்பது ஊராட்சி உறுப்பினரின் கடமை. பாதயாத்திரை செல்லும் வழியிலுள்ள ஊராட்சிகள், வைக்கோல் போருக்கும் கூரை வீட்டுக்கும் தொலைவில், மேலே திறந்த சமையல் இடம் ஒன்றை ஒதுக்கித் தரலாம். அங்கே இரண்டு வாளி மணலும் ஒரு தொட்டி நீரும் வைக்கலாம். எண்ணெய் தீப்பற்றினால் மணலைத்தான் கொட்ட வேண்டும். நீர், ஆடையில் பற்றிய தீக்கும் வெந்த புண்ணைக் குளிர்விப்பதற்கும் உதவும். கிடைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆட்கள் வந்து இறங்கும் நாளில், அவர்களுடைய ஸ்டவ்வை ஒருமுறை பார்த்து, தேய்ந்த வாசரையும் அகன்ற நிப்பிளையும் மாற்றச் சொல்லலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை, அக்கறை இருந்தால் போதும்.

உழவர் பெருமக்களே! உங்கள் வயலுக்கு எரு சேர்க்க வருபவனும், உங்கள் கரும்பை வெட்ட வருபவனும் உங்கள் விருந்தினரே. அவர்கள் நலமாக உண்டு நிம்மதியாக உறங்குவதற்கு வேண்டியதைச் செய்வது நம் பொறுப்பு. அடுத்த அறுவடைக்கு முன்பே, ஒவ்வோர் ஊராட்சியும் இதற்கான இடத்தைக் குறித்து ஏற்பாட்டைத் தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.