கடலுக்குள்ளே புரளும் அலைகள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய விஞ்ஞான உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல். "கூலி உயர்வு, பஞ்சப்படி, வேலை நேரம் என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது கடலும் பனியும் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. இது எதனால் நடக்கிறது, யார் பொறுப்பு, யார் தலையில் விடியும் என்பவை நம்முடைய கேள்விகளே. அதற்குப் பதில் தேட, கடலின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

மாலுமிகள் சொன்ன சேதி

நார்வே நாட்டு மாலுமிகள் நெடுங்காலமாக ஒரு விந்தையைச் சொல்லி வந்தார்கள். காற்று நன்றாக அடிக்கும். பாய் புடைத்து நிற்கும். கடலோ அமைதியாகக் கிடக்கும். ஆனால் கப்பல் நகராது. அடியிலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் நின்றுவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'செத்த தண்ணீர்'.

1893 ஆகஸ்டில் நான்சன் என்ற நார்வே ஆராய்ச்சியாளர் 'ஃப்ராம்' என்ற கப்பலில் சைபீரியாவின் வடகரையோரமாகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவருடைய கப்பலும் இந்தத் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. நீராவி எஞ்சின் ஓடியும் வேகம் கால்வாசிக்குக் குறைந்துவிட்டது. மாலுமிகள் சொன்னதைத் தாமே அனுபவித்த நான்சன் ஊர் திரும்பியதும் விஞ்ஞானிகளிடம் இதற்குக் காரணம் கேட்டார். பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி யோசனை சொல்ல, எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டு இளைஞர் பரிசோதனையில் இறங்கினார். ஒரு தொட்டியில் அடியில் உப்புத் தண்ணீரும், அதன்மேல் கலங்காமல் நல்ல தண்ணீரும் விட்டார். அதில் ஒரு சிறு கப்பல் பொம்மையை இழுத்தார். மேலே தண்ணீர் சமமாகவே இருந்தது. ஆனால் இரண்டு தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பெரிய அலை எழுந்தது! கப்பலின் பலமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த அலையைக் கிளப்புவதிலேயே செலவாகிவிட்டது. 1904-ல் எக்மன் தமது முடிவை வெளியிட்டார்.

தோழர்களே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன மாலுமிகளின் அனுபவமே இந்த விஞ்ஞானத்துக்கு முதல் படி. அந்த அனுபவத்தைப் பரிசோதனை சோதித்து உறுதிப்படுத்தியது.

அடுக்கடுக்கான தண்ணீர்

கோடைக் காலத்தில் கிணற்றில் இறங்கியவர்களுக்குத் தெரியும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே போகப்போகக் குளிரும். கடலும் அப்படியே அடுக்கடுக்காக இருக்கிறது. கனம் குறைந்த தண்ணீர் மேலே, கனம் கூடிய தண்ணீர் கீழே. குளிர்ச்சியும் உப்பும் கூடினால் கனம் கூடும்.

இந்த அடுக்குகளுக்கு நடுவே ஓடும் அலையை 'உள்ளலை' என்று சொல்வோம். ஓதம் ஏறி இறங்கும்போது கடலடி மலைகள்மீது தண்ணீர் மோதுகிறது. அப்போது இந்த அலைகள் பிறக்கின்றன. தென் சீனக் கடலில் 200 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள உள்ளலைகள் அளக்கப்பட்டிருக்கின்றன. நமக்குப் பக்கத்திலுள்ள அந்தமான் கடலிலும் பெரிய உள்ளலைகள் ஓடுகின்றன. ஆனால் மேலே படகில் இருப்பவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. இவ்வளவு உயரம் எப்படி? காற்றைவிடத் தண்ணீர் பல நூறு மடங்கு கனம். ஆகவே மேற்பரப்பில் அலை எழுப்பப் பெரும்பலம் வேண்டும். இரண்டு தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே கன வித்தியாசம் சொற்பம். ஆகவே அங்கே அலை சுலபமாக எழும்பும், மெதுவாக நகரும்.

கரையில் அலை உடைவதைப் போல உள்ளலையும் உடையும். உடையும்போது மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலக்கின்றன. சூடான கஞ்சியைக் கரண்டியால் கலக்குவது போல, கடலின் உஷ்ணத்தைக் கலக்கும் கரண்டி இது. இந்தக் கலப்பு இல்லையென்றால் சில ஆயிரம் வருஷங்களில் ஆழ்கடல் முழுவதும் குளிர்ந்த தண்ணீர் அசையாமல் தேங்கிக் கிடக்கும் என்று வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானி தம் சகாவுடன் சேர்ந்து 1998-ல் எடுத்துக்காட்டினார்.

அடியிலிருந்து கரையும் பனி

இப்போது கிரீன்லாந்துக்குப் போவோம். வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள மாபெரும் தீவு அது. அதன்மேல் சில இடங்களில் 3 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி மூடியிருக்கிறது. அது முழுவதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். இந்தப் பனி மெதுவாக வழிந்து ஆறு போலக் கடலுக்கு வருகிறது. இதுதான் பனியாறு. மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த ஆழமான இடுக்குகளில் அது கடலைச் சந்திக்கிறது.

அங்கே மேலே இருப்பது பனி கரைந்த குளிர்ந்த தண்ணீர். அடியில் இருப்பது அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வந்த, சற்று வெப்பமான தண்ணீர். உப்பு அதிகமாதலால் அது கனத்துக் கீழே கிடக்கிறது. அதன் உஷ்ணம் 3, 4 டிகிரிதான். நமக்கு அது விறைக்கும் குளிர். பனிக்கோ அது அடுப்பு!

மேற்குக் கிரீன்லாந்திலுள்ள யாகோப்ஷாவ்ன் பனியாற்றைப் பாருங்கள். 1997-ல் வெப்பமான தண்ணீர் அங்கே வந்து சேர்ந்தது. பனியாற்றுக்கு முன்னால் மதகுப் பலகை போலத் தடுத்து நின்ற மிதக்கும் பனி சில வருஷங்களில் நொறுங்கிப்போயிற்று. 1992-ல் வருஷத்துக்கு 5.7 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்த பனி, 2003-ல் 12.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 2016-ல் குளிர்ந்த தண்ணீர் திரும்பி வந்தது. உடனே பனியாற்றின் வேகம் சில காலம் குறைந்தது. கடலடித் தண்ணீரின் பங்கு என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கீழே கிடக்கும் உஷ்ணம் எப்படிப் பனிச் சுவரை எட்டுகிறது? 2023-ல் விஞ்ஞானிகள் தென் கிரீன்லாந்தில் ஒரு பனியாற்றின் முன்னால், கடலடியில் 10 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைக் கம்பியைப் போட்டார்கள். தொலைத்தொடர்புக்கு உபயோகமாகும் அதே மாதிரிக் கம்பி. தண்ணீரின் அசைவையும் உஷ்ணத்தையும் அது காட்டிக்கொடுத்தது. 2025-ல் முடிவுகள் வெளிவந்தன. பனிப்பாளம் உடைந்து விழும்போது மேலே எழும் அலை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அடியில் எழும் உள்ளலையோ வெகுநேரம் ஓடி, வெப்பமான தண்ணீரைப் பனிச் சுவருக்கு மேலேற்றிக்கொண்டு வருகிறது. ஈர வேட்டி காற்றடித்தால் சீக்கிரம் காய்வது போல, தண்ணீர் ஓடி உரசினால் பனி சீக்கிரம் கரைகிறது. அடி அரிக்கப்பட்ட பனி மறுபடி உடைகிறது, மறுபடி அலை எழுகிறது. விழுந்த பனி எழுப்பிய அலையே அடுத்த பனியை விழத் தள்ளுகிறது.

யார் பொறுப்பு?

இதில் கலியுகமும் இல்லை, கடவுள் கோபமும் இல்லை. உள்ளலை இயற்கையானது. அது கலக்கும் கடலில் கூடுதல் உஷ்ணத்தை ஏற்றியதுதான் அக்கிரமம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமியில் சேர்ந்த மிகை வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலே உள்வாங்கியிருக்கிறது.

"மனிதகுலத்தின் பேராசை" என்று இதற்குப் பொதுவாகப் பழி சொல்கிறார்கள். எந்த மனிதன்? நடவு நடும் பெண்ணா? மூன்றாவது ஷிப்டு முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும் நூற்பாலைத் தொழிலாளியா? உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினரே இந்தப் புகையில் ஏறக்குறைய பாதிக்குப் பொறுப்பாளிகள். லாபம் அவர்களுக்கு. உப்புத் தண்ணீர் நமக்கு!

நாகை வட்டாரம் போன்ற தாழ்ந்த கரையோரங்களை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் கடல் ஓதம் வாய்க்கால் வழியே உள்ளே ஏறும் பூமி அது. கடல் மட்டம் உயர உயர உப்பும் உள்ளே நகரும். நிலம் உப்பாகிவிட்டால் நிவாரணம் பெரும்பாலும் பட்டாதாரர் பேருக்குப் போகும். நடவும் களையும் அறுப்பும் இழந்த கூலிக்காரனின் பேர் எந்தக் கணக்கில் வரும்?

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். புகையைக் குறைக்க வேண்டும். ஆனால் சுரங்கத்தையும் ஆலையையும் மூடி, தொழிலாளியைத் தெருவில் நிறுத்துவதை ஏற்க முடியாது. மாற்று வேலையும் குறையாத கூலியும் முதலில் வரட்டும். பயிர் நஷ்டக் கணக்கில் விவசாயத் தொழிலாளியின் வேலை நஷ்டமும் ஏறட்டும். கடலை அளக்கும் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் கிடைக்கட்டும். அதன் முடிவுகள் மீனவனுக்கும் உழவனுக்கும் அவர்கள் பாஷையில் போய்ச் சேரட்டும்.

மேலே அமைதியாகத் தெரியும் கடலுக்குள் மலையத்தனை அலை ஓடுகிறது. அதைக் கண்டறிய மாலுமியின் அனுபவமும் விஞ்ஞானியின் பரிசோதனையும் கைகோத்தன. அதைத் தெரிந்துகொண்ட நாம் அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்குவோம்!