எங்க வண்டி போகாத ஊரில் அபராதம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் என் வீட்டுக்காரர் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினதுக்கு 1000 ரூபாய் அபராதமாம். முன்னே இது 100 ரூபாய்தான். 2022 அக்டோபரிலிருந்து 1000 ஆக்கிட்டாங்க. எனக்கு அது ஒரு மாசக் கடன் தவணை. "கட்டித் தொலைச்சிடலாம், போலீஸோட நமக்கெதுக்கு வம்பு"ன்னார் அவர். அவர் ஹெல்மெட் போடாமல் போறவர்தான், மறைக்கலை. ஆனால் அந்த ஊருக்கு எங்க எக்ஸ்.எல். வண்டி போனதே கிடையாது.

மெசேஜில் இருந்த லிங்க்கைத் தொடாதேன்னு என் பொண்ணு சொன்னாள். அபராதம்னு வாட்ஸ்அப்பில் ஏதாவது ஆப் அனுப்பி, பேங்க் பணத்தை உருவுற கும்பல் இருக்கு. அதனால் பரிவாகன் இ-சலான் பக்கத்துக்கு நாங்களே போய், ஆர்.சி. புக்கை வச்சுக்கிட்டுப் பார்த்தோம். சலான் நிஜம்தான். கூடவே போட்டோவும் இருந்தது. பெரிசு பண்ணிப் பார்த்தால் சிவப்பு பைக்! எங்களது பச்சை எக்ஸ்.எல். பிளேட்டில் கடைசியில் இருந்த 3-ஐ 8-ன்னு எடுத்திருக்காங்க.

தேதியைப் பார்த்தேன். அன்னைக்கு நம்ம குழுக் கூட்டம். அந்த வண்டியில்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு என் கையெழுத்து இருக்கு. பெரிய சாட்சி இல்லைதான், இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்தேன். ஆர்.சி. நகல், எங்க வண்டி போட்டோ எல்லாம் சேர்த்து அந்தப் பக்கத்திலேயே புகார் போட்டோம். ரெண்டு வாரமாப் பதில் இல்லை.

மனு எழுதிக்கிட்டு, சலான் போட்ட ஸ்டேஷனுக்கே பஸ் ஏறினேன். கை நடுங்கிச்சு. "கட்டிட்டுப் போம்மா"ன்னார் ஒருத்தர். "கட்டினால் தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். கேஸ் கோர்ட்டுக்குப் போனால் அங்கே சொல்லிக்கிறேன்"ன்னேன். உள்ளே இருந்த எஸ்.ஐ. போட்டோவைப் பார்த்ததும் சிரிச்சிட்டார். மனு வாங்கி, என் நகலில் சீல் போட்டுக் கொடுத்தாங்க. அந்த சீல் இல்லாமல் நான் நகரலை. பத்து நாளில் சலான் ரத்தாச்சு.

அப்புறம்தான் மத்ததையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆகணும். ஆனால் ஒரிஜினல் கையில் இல்லாட்டியும் பயப்பட வேண்டாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆப்பில் காட்டுறதும் மோட்டார் வாகன விதி 139-படி செல்லும். போனில் எடுத்து வச்ச வெறும் போட்டோவை அதோடு சேர்க்காதீங்க. லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டால் ரசீது கேளுங்க, கொடுக்கணும்.

யாருக்காவது இப்படி மெசேஜ் வந்தால், அடுத்த கூட்டத்துக்குப் போனும் ஆர்.சி. புக்கும் எடுத்துட்டு வாங்க. என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன், பார்த்துச் சொல்லுவாள்.